நான் எடுத்துக் கொடுத்த கொட்டாப்புளி

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சையோடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ரேஷன் கடையிலும் பேங்கிலும் போட்ட கையெழுத்துதான். மறதியும் வந்துவிட்டது. காலை மாத்திரையைப் போட்டேனா இல்லையா என்பதையே அட்டையில் மிச்சத்தை எண்ணித்தான் தெரிந்துகொள்கிறேன். முன்னால் நடந்ததைப் பின்னால் எழுதியிருப்பேன். என் வயசுக்காரிகள்தானே படிக்கப்போகிறீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாதம் ஒரு தடவை நாம் கூடுகிற மண்டபத்தில், சர்ச் தெரு டீச்சர் ஆளுக்கு நாலு தாள் கொடுத்து, "உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச வேலை ஒண்ணைப் பத்தி எழுதிட்டு வாங்க" என்றார்கள். ஒருத்தி கருப்பட்டி மிட்டாய் சுற்றுவதை எழுதப்போவதாகச் சொன்னாள். ஒருத்தி தீப்பெட்டி ஒட்டுவதை. நான் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு நல்லாத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான். நல்ல கொட்டாப்புளியாகப் பார்த்து எடுப்பது.

அன்றைக்கு மண்டபத்தில் இன்னொன்றும் நடந்தது. எதிர்வீட்டுக்காரி தன் பேத்தியைக் கூட்டி வந்திருந்தாள். சின்ன வயசில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. இப்போது அவள் தெரு வேறு, என் தெரு வேறு, ஆனாலும் எனக்கு அவள் எதிர்வீட்டுக்காரிதான். மறுநாள் முதல் பட்டாசு செய்கிற வெடி ஆபீஸ் வேனில் வேலைக்குப் போகப்போகிற பேத்தியிடம் அவள் சொன்னாள்: "ஊக்கு, ஹேர்பின்னு என்ன இருந்தாலும் வீட்லயே கழட்டி வச்சிட்டுப் போ. ஊக்கு போட்டுக்கிட்டுப் போன ஒருத்தியாலதான் எங்கக்கா எரிஞ்சு போனா." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "உங்க சித்தியச் சொன்னேன்னு கோவிச்சுக்கிடாத" என்றாள்.

"இதுல கோவிக்க என்ன இருக்கு" என்றேன். அறுபது வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருக்கிற பதில் அது.

என் சித்தி, அம்மாவின் கடைசித் தங்கை. தாயும் தகப்பனும் இல்லாததால் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு வெடி ஆபீஸில் வாணக் குழாய் கெட்டிக்கிற வேலை. அந்த வருஷம் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு என்னையும் கூட அனுப்பினார்கள். வெறுங்குழாயை எடுத்துக் கொடுப்பது என் வேலை. அப்போதெல்லாம் பிள்ளைகள் போவது வழக்கம்தான், உங்களுக்குத் தெரியாததா. பருத்திக்காட்டு வரப்பில் நடந்து போவோம். சித்தி முன்னால் போவாள், அவள் பின்னலைப் பார்த்துக்கொண்டே நான் பின்னால் போவேன்.

காகிதக் குழாயின் அடியில் களிமண் வைத்து, மேலே வெடிமருந்து போட்டு, மரக்குச்சியை உள்ளே விட்டு, அதன் தலையில் கொட்டாப்புளியால் தட்டித் தட்டிக் கெட்டிக்க வேண்டும். கொட்டாப்புளி என்றால் மரச் சுத்தியல். வெடி ஆபீஸுக்குள் இரும்பு வரக்கூடாது. இரும்பு இரும்பில் பட்டாலும் பொறி, இரும்பு சிமெண்டுத் தரையில் பட்டாலும் பொறி. வாசலில் போர்மேன் அண்ணாச்சி நின்றுகொண்டு ஒவ்வொருத்தியாகப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். அவர் பார்ப்பது தலையையும் மணிக்கட்டையும். பொம்பளைப் பிள்ளைகளின் தோள் பக்கம் பார்க்க அவருக்குக் கூச்சம்.

சீசன் தொடங்கும்போது புதுக் கொட்டாப்புளி ஒரு மாட்டுவண்டி லோடு வந்து இறங்கும். வேப்பமரத்தடியில் குவித்துப் போடுவார்கள். அவரவர் தனக்கு ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பொம்பளையும் லேசில் எடுக்கமாட்டாள். தூக்கிப் பார்ப்பாள், கீழே போடுவாள், அடுத்தவள் எடுத்ததை எட்டிப் பார்ப்பாள்.

"எம்புட்டு நேரம் பாப்பீக? மாப்பிள்ளையா பாக்கீக?" என்று அண்ணாச்சி சத்தம் போட்டார்.

"மாப்பிள்ளையா இருந்தா கண்ண மூடிக்கிட்டுக் கழுத்த நீட்டிருவோம் அண்ணாச்சி. இதைத் தீவாளி வரைக்கும் கையில பிடிக்கணும்ல" என்றாள் சித்தி. அவளுக்கு ஆமத்தூரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. தை மாதம் கல்யாணம். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றைக்குத்தான் என் கை ராசியான கை என்று பேர் வந்தது. சும்மா நின்றுகொண்டிருந்த நான் குவியலிலிருந்து ஒன்றை எடுத்து எதிர்வீட்டு அக்காவிடம், அதாவது மேலே சொன்ன எதிர்வீட்டுக்காரியின் அக்காவிடம், கொடுத்தேன். அவள் அதை வைத்துக்கொண்டு அன்றைக்கு எல்லோரையும்விட அதிகக் குழாய் கெட்டித்தாள். மறுநாள் நாலு பேர் வந்துவிட்டார்கள். "ஏ புள்ள, எனக்கும் ஒண்ணு எடுத்துக் கொடு. வயசுக்கு வராத பிள்ள கை, விளங்கும்."

ராசியெல்லாம் ஒன்றுமில்லை. நான் என்ன செய்தேன் என்று இப்போது சொல்கிறேன், டீச்சர் கேட்டதும் இதைத்தான். புளியமரத்துக் கட்டைதான் தலைக்கு நல்லது. அதிலும் நடுவில் கறுத்து இறுகியிருக்கிற வைரம். ஓரத்தில் வெள்ளை இருந்தால் எடுக்கக்கூடாது. அடிக்க அடிக்க அந்த இடம் நார் நாராகப் பிரியும், நாருக்குள் மணல் ஏறும், மணலும் ஒருவகையில் இரும்பு மாதிரிதான். பிடியை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்க்க வேண்டும். மரத்தின் ரேகை ஓடிய திசையில்தான் பிடி ஓடவேண்டும். தலைக்குப் பக்கத்தில் முடிச்சு இருந்தால் அங்கேதான் முறியும். இரண்டைச் சேர்த்துத் தட்டினால் நல்லது 'டக்'கென்று சொல்லும், விரிசல் விட்டது பேசாது. கடைசியாகக் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கன்னத்தில் குளிர்ந்தால் கட்டை இன்னும் ஈரம். ஈரக்கட்டை புரட்டாசி வெயிலில் சுருங்கும், சுருங்கினால் பிடியில் தலை ஆடும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கூச்சத்தில் யாரிடமும் பேசாமல் குவியல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் எனக்கு இதெல்லாம் தெரிந்தது.

எல்லோருக்கும் கன்னத்தில் வைத்துப் பார்த்துக் கொடுத்த நான், சித்திக்கு மட்டும் அப்படிப் பார்க்கவில்லை.

அவளுக்காக எடுத்து வைத்தது அந்தக் குவியலிலேயே அழகானது. கருஞ்சிவப்பு. தலையில் மயில்கண் மாதிரி ஒரு சுழி. மூக்கில் வைத்தால் புளியம்பூவும் ஈர மண்ணும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம். அந்த வாசத்துக்காகவே எடுத்தேன். வாசம் வந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பத்து வயசில் எனக்குத் தோன்றவில்லை. சித்தியும் முகர்ந்து பார்த்துவிட்டு, "கொழம்புக்குப் போடலாம் போலருக்கே" என்றாள். தாவணிக் கிழிசலில் மஞ்சள் துணி கிழித்து, அடையாளத்துக்குப் பிடியில் கட்டிக்கொண்டாள்.

புரட்டாசி பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை, தலை ஆட ஆரம்பித்துவிட்டது.

அப்படி ஆடினால் அண்ணாச்சியிடம் கொடுக்க வேண்டும். அவர் ஆசாரிக்கு அனுப்பி மர ஆப்பு வைத்து வாங்கித் தருவார். சித்தி கொடுக்கவில்லை. மடியில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "கைராசிக்காரி எடுத்தது ஆடுதுன்னா, இந்த ரூம்ல இருக்கவளுக அம்புட்டுப் பேரும் கேலி பேசியே உன்னக் கொன்னுருவாளுக. தண்ணியில போட்டு வப்போம், இறுகிரும்" என்றாள். இறுகியது. இரண்டு நாளில் மறுபடி ஆடியது. மறுபடி தண்ணீர். மூன்றாம் தடவை சித்திக்கே சலிப்பு வந்துவிட்டது. "மயில்கண்ணு மயில்கண்ணுன்னு பாத்து எடுத்தியே, இப்பப் பாரு, தலையாட்டிப் பொம்மை மாதிரி ஆடுது" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லீவு. சித்தியும் அம்மாவும் சாத்தூருக்குச் சேலை பார்க்கப் போயிருந்தார்கள். நான் தனியாக இருந்தேன். எங்கள் வீட்டில் மண்வெட்டி ஆடினாலும் கோடாலி ஆடினாலும் அப்பா என்ன செய்வார் என்று பார்த்திருக்கிறேன். பிடியின் முனையில் ஓர் ஆணியை இறக்குவார். முனை விரிந்து தலையைப் பிடித்துக்கொள்ளும். நானும் அதையே செய்தேன். அப்பாவின் பழைய செருப்பிலிருந்து ஓர் ஆணியைப் பிடுங்கி, கொட்டாப்புளிப் பிடியின் முனையில் வைத்து, அம்மிக் குழவியால் அடித்தேன். இரண்டாவது அடி என் இடது கட்டைவிரலில் விழுந்தது. அழுதுகொண்டே மூன்றாவது அடி அடித்தேன். ஆணி முழுசாக உள்ளே போனது. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை.

அப்புறம்தான் அது இரும்பு என்பது மனசில் பட்டது. பிடுங்கப் பார்த்தேன். ஆணியின் கொண்டை மரத்தோடு மட்டமாக இறங்கிவிட்டதால் விரலுக்கு அகப்படவில்லை. குழாய் ஒட்டுகிற மைதாப் பசை வீட்டில் இருந்தது. அதில் மரத்தூளைக் குழைத்து ஆணியின் மேல் அப்பி, காய்ந்த பிறகு வழுவழுவென்று தேய்த்துவிட்டேன். நன்றாகச் செய்தேன். அவ்வளவு நன்றாக நான் வேறு எந்த வேலையும் செய்ததில்லை.

திங்கட்கிழமை காலையில் என் விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. "கதவுல நசுங்கிருச்சு" என்றேன். சித்தி கொட்டாப்புளியை எடுத்து ஆட்டிப் பார்த்தாள்.

"ஆடலையே! என்ன செஞ்ச?"

"புளியங்குச்சி சீவி ஆப்பு வச்சேன் சித்தி."

"பாத்தியா! கைராசிக்காரின்னா கைராசிக்காரிதான்." காற்றில் ரெண்டு வீச்சு வீசிக் காட்டினாள். "இந்த விரல வச்சுக்கிட்டு நீ அங்கன வந்து என்ன செய்வ? இன்னைக்கு வீட்ல இரு."

கிளம்பினவள் படியில் நின்று, தோளில் தாவணியைக் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். தலையில் பச்சை மணி கோத்த பெரிய ஊக்கு அது. தினமும் முகம் பார்க்கிற கண்ணாடிக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டுத்தான் போவாள். அன்றைக்கு என் சட்டையின் முதுகைப் பார்த்தாள். பொத்தான் அறுந்து திறந்து கிடந்தது. "இப்படியா தெருவுல நிப்ப?" என்று என்னைத் திருப்பி நிறுத்தி, அந்த ஊக்கை என் முதுகில் குத்திவிட்டாள். "சாயங்காலம் வந்து வாங்கிக்கிடுவேன். தொலைச்ச, தோலை உரிச்சிருவேன்."

நான் சொல்ல வாயைத் திறந்தேன். எதிர்வீட்டு அக்கா வாசலில் வந்து, "வாட்டி, நேரமாச்சு" என்றாள். ரெண்டு பேரும் போனார்கள். தாவணி காற்றில் தோளைவிட்டு நழுவ நழுவ, ஒரு கையால் பிடித்துக்கொண்டே வரப்பில் போன சித்திதான் நான் பார்த்த கடைசிச் சித்தி.

மேற்குக் காற்று அடித்தால் ஆபீஸ் சத்தம் எங்கள் தெருவரை கேட்கும். டக் டக் என்று நூறு கொட்டாப்புளி. நான் விரலுக்கு மஞ்சள் சுண்ணாம்பு போட்டுக்கொண்டு வாசல் நிழலில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா உரலில் கம்பு குத்திக்கொண்டிருந்தாள். அம்மாவின் உலக்கைதான் முதலில் நின்றது என்று எனக்கு ஞாபகம். பிறகுதான் அந்தப் பெரிய சத்தம் வந்தது. அடுப்படிச் சட்டியெல்லாம் குலுங்கின. அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. டக் டக் இல்லை. இப்போதும் எங்காவது யாராவது சுத்தியல் தட்டினால், அடுத்த தட்டு வருகிற வரைக்கும் எனக்கு மூச்சு விட முடியாது. மேல்வீட்டில் டைல்ஸ் போட்ட ஒரு வாரம் முழுக்க நான் கோயிலிலேயே போய் உட்கார்ந்திருந்தேன்.

அந்த ரூமில் சித்தி, எதிர்வீட்டு அக்கா, இன்னும் ரெண்டு பேர். ஒருவரும் மிஞ்சவில்லை.

மூன்றாம் நாள் ஆபீஸிலிருந்து ஆள் வந்து, யாரிடமாவது இரும்பு இருந்ததா என்று கேட்டார். போர்மேன் அண்ணாச்சியும் கூட வந்திருந்தார். அவர் அழுதுகொண்டே, "நான் தலையப் பாத்தேன், கையப் பாத்தேன். தோள்ல பாக்கலையே தாயி" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா எழுந்துபோய்க் கண்ணாடிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினாள். கீழே குனிந்து தேடினாள். பெட்டியைக் கொட்டினாள்.

"அவ ஊக்கக் காணோமே" என்றாள். "பச்ச மணி வச்ச ஊக்கு... தினம் இங்கனதான வப்பா... அய்யோ, போட்டுக்கிட்டே போயிட்டாளே பாவி! நாலு குடியக் கெடுத்துட்டாளே!"

எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் மண்ணை வாரித் தூற்றியதை நான் பார்த்தேன்.

ஊக்கு என் முதுகில் இருந்தது. மூன்று நாளாக யாரும் என்னைக் குளிப்பாட்டவில்லை, சட்டை மாற்றவில்லை. நான் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். திரும்பி நின்று காட்டியிருந்தால் போதும், ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க வேண்டாம். ஆனால் காட்டினால் அடுத்து என்ன கேட்பார்கள்? 'ஊக்கு இல்லன்னா அப்ப வேற எது?' என்று கேட்பார்கள். என் விரலைப் பார்ப்பார்கள். அதனால் எல்லோரும் போகிற வரைக்கும் சுவரைவிட்டு நகரவில்லை. மணி முதுகெலும்பில் குத்திக்கொண்டே இருந்தது.

சித்திக்கு ஒரு பேர் இருந்தது. அன்றோடு அது போய், 'ஊக்குக்காரி' என்றாகிவிட்டது. ஆமத்தூர்க்காரர்கள், "நல்லவேளை, நம்ம வீட்டுக்கு வராமப் போனா" என்றார்களாம். எதிர்வீட்டில் எங்களோடு பேச்சை நிறுத்தினார்கள். எந்த வெடி ஆபீஸ் வாசலிலும், "அந்த ஊக்குக்காரி மாதிரி வந்துறாதீக" என்பது எச்சரிக்கை ஆகிவிட்டது. அம்மா சாகிற வரைக்கும் தங்கைக்கு ஒரு விளக்கு வைத்ததில்லை. எனக்கு ஐம்பது வயசு இருக்கும்போது அம்மா படுக்கையில் கிடந்தாள். "அவ கெட்டவ இல்லட்டி, மறதிக்காரி" என்று ஒருநாள் சொன்னாள். அப்போதும் நான் சொல்லவில்லை. அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கரண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மல்லாங்கிணறு பக்கம் வாக்கப்பட்டுப் போன பிறகு ஒரு தடவை, வாசல் நிலை சரிசெய்ய வந்த ஆசாரியிடம் யாருக்கோ கேட்கிற மாதிரிக் கேட்டேன்: "வெடி ஆபீஸ் கொட்டாப்புளியில பிடி முனையில ஆணி வச்சா பொறி வருமா அண்ணே?"

அவர் சிரித்தார். "அடிக்கிற முகம் வேற, ஆணி இருக்கிற பக்கம் வேற. நேரா அடிச்சா ஒண்ணும் வராது. கை நழுவிக் கீழ விழுந்து, அந்தப் பக்கம் தரையில பட்டா, அதச் சொல்ல முடியாது தாயி. ஆமா, யாரு அப்படி வச்சது?"

"யாரோ சொன்னாக."

அதற்குமேல் எனக்குத் தெரியாது. கை நழுவியதா, தெரியாது. அன்றைக்கு வெக்கை அதிகம், மருந்து தானாகவே பிடித்ததா, தெரியாது. ஆனால் ராத்திரி பகல் என்றில்லாமல் என் கண்ணுக்குள் ஒரு கொட்டாப்புளி விழுந்துகொண்டே இருக்கிறது. மயில்கண் மேலே வரும், அப்புறம் நான் பூசி மெழுகிய பக்கம் மேலே வரும், மயில்கண், பூசிய பக்கம். எந்தப் பக்கம் தரையில் படும் என்பதற்கு முன்னால் விழித்துக்கொள்வேன்.

டீச்சர், நான் எழுதியதில் தப்பு இருக்கும், சரிபார்க்க வேண்டும். பக்கத்து ரூமில் வேலை பார்த்தவர்கள் நம்மில் ரெண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள். அன்றைக்குச் சித்தி மஞ்சள் துணி கட்டின கொட்டாப்புளியைத்தான் பிடித்திருந்தாளா, இல்லை வேறு ஒன்றை வாங்கிக்கொண்டாளா? பிறகு இடத்தைக் கூட்டியவர்கள் அதைப் பார்த்தார்களா? கிழமை திங்கள்தானா? என்ன பதில் வந்தாலும் எனக்குச் சொல்லுங்கள். எதிர்வீட்டுக்காரிக்கு முதலில் சொல்லுங்கள். அவள் என்னைக் கோவித்தால், அதில் கோவிக்க இருக்கிறது.

ஊக்கு என்னிடம் இருக்கிறது. பவுடர் டப்பாவில் வைத்திருக்கிறேன். துருவேறி வாய் திறக்காது, பச்சை மணி மட்டும் அப்படியே இருக்கிறது. அடுத்த மாதம் மண்டபத்துக்குக் கொண்டு வருகிறேன். கொட்டாப்புளியைப் பற்றி நான் எழுதியதில் எதை வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளுங்கள் டீச்சர். ஊக்கைப் பற்றி எழுதியதில் மட்டும் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம். என் சித்தி அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போனாள்.